துடுப்புப் பிடித்த பல்லு டொக்டர்

பல் பிடுங்குவதற்காக மனிதர்கள் மலையேறிய ஊர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது எங்கள் மட்டக்களப்பு. கிரேக்கம், ரோமாபுரி, சீனம் எல்லாவற்றின் வரலாற்றையும் என்னால் இயன்றவரை புரட்டிப் பார்த்துவிட்டே இதைச் சொல்கிறேன். வேறெந்த நாகரிகமும் இந்த உயரத்தைத் தொடவில்லை.

காரணம் ஒரே ஒரு மனிதர். ஊர் அவரைப் பல்லு டொக்டர் என்றது. சொந்தப் பெயர் அவருடைய பெயர்ப்பலகையில் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பலகையை அவர் கழற்றிக்கொண்டு போய்த் தன் தோணியில் இருக்கைப் பலகையாகப் பொருத்திவிட்டார். ஆகவே அவர் பெயர் தெரிய வேண்டுமென்றால் அவரை எழுப்பிவிட்டுப் பார்க்க வேண்டும். அவர் எழும்புகிற ஆள் இல்லை.

காலத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது முக்கியம். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வடிந்த பிறகு அவர் புளியந்தீவில் தொழில் தொடங்கினார். எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலுக்கு முன்பே தொழிலை விட்டுவிட்டார். நான் சொல்லப்போவது இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் நடந்தது. எந்தத் தை என்பதில் எனக்கும் அவருடைய மனைவிக்கும் நெடுங்காலத் தகராறு உண்டு. தீராத தகராறைப் பத்திரிகையில் எழுதக்கூடாது என்பதால் ஆண்டை விட்டுவிடுகிறேன்.

அவருக்குக் குறடு பிடிக்கிற கை ஒன்று, துடுப்புப் பிடிக்கிற கை இரண்டு. வெள்ளைக்காரர் காலத்துச் சோலாத் தொப்பி, முழங்காலுக்கு மேல் நிற்கும் காக்கிக் காற்சட்டை, கழுத்தில் ஒரு விசில். வாவி, காடு, குளம், மலை எதுவானாலும் சனிக்கிழமை காலையில் கிளம்பிவிடுவார். திரும்பும் நாள் நிச்சயமில்லை. பல்வலிக்கோ நாள் பார்க்கத் தெரியாது.

எங்கள் அரசாங்கக் கந்தோரில் என்னோடு வேலை பார்த்த கிளாக்கர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. டொக்டர் குடும்பிமலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு, அவர் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய், உழவு இயந்திரத்தில் தொற்றி, மிச்சத் தூரம் நடந்து, மலையின் உச்சிப் பாறையிலே டொக்டரைப் பிடித்தார். டொக்டர் அவரைப் பாறையில் சாய்த்து, சட்டைப்பையிலிருந்து குறட்டை எடுத்துக் காரியத்தை முடித்தார்.

"இப்ப சொல்லு மனே, வலி இரிக்கா?"

"இல்ல டொக்டர்."

"மலையில ஏறினா வலி போகும் எண்டு நான் எத்தின தரம் சொல்லிரிக்கன்! கேக்கிறீங்களா நீங்க?"

கிளாக்கர் ஊருக்குத் திரும்பியதும் பல் போன கதையை ஒருவரிடமும் சொல்லவில்லை. மலையேறிய கதையை ஓய்வுபெறும் வரை சொன்னார்.

இப்படி இருக்கையில் கொழும்பிலிருந்து உல்லாசப் பயணக் கூட்டமொன்று காற்றடித்த றப்பர் படகுகளோடு வந்து இறங்கியது. அவர்களில் ஒருவருக்குப் பல் கூசியது. அவர் டொக்டரின் கதிரையில் சாய்ந்துகொண்டு, வாவி அழகுதான், ஆனால் இந்த ஊர்க்காரர் ஒருவராவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தோணியில் போயிருக்கிறாரா, இதற்கும் நாங்கள்தான் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். டொக்டர் பிடுங்க வேண்டிய பல்லைத்தான் பிடுங்கினார். ஆனால் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

நியாயமாகப் பார்த்தால், வாவியில் தினமும் தோணி விடுகிறவர்களுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. ஆனால் அவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது. காரணமே இல்லாமல் நெடுக்காகப் போவதற்கு வேலையை விட்டுவிட்டு வருகிற ஒருவர் தேவை. அப்படிப்பட்டவர் எங்களிடம் இருந்தார்.

"நம்மட வாவிய நாம அளக்காம கொழும்பான் வந்து அளக்கிறதா?" என்று டொக்டர் சந்தையில் நின்று கேட்டார். தெற்கே பெரியகல்லாற்றில் ஏறி வடக்கே ஏறாவூர்க் கரையில் இறங்குவது என்று அங்கேயே தீர்மானமாயிற்று. பெரியகல்லாற்றுக்குத் தெற்கேயும் தண்ணீர் இருக்கிறதே என்று துறைநீலாவணைக்காரர் ஒருவர் ஆட்சேபித்தார். அவர் சொன்னது சரி. ஆனால் அவருக்கு அப்போது பல் வலிக்கவில்லை. ஆகவே டொக்டர் அவரைக் கவனிக்கவில்லை.

பயணத்துக்கு முந்திய கிழமைதான் வில்லங்கம் வந்தது. காத்தான்குடிச் சாரன் வியாபாரி ஒருவருக்கு டொக்டர் பொய்ப்பல் கட்டிக்கொண்டிருந்தார். சாரன் காக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். ஈறின் அளவெடுக்கச் சாந்தைக் குழைத்து அவர் வாய் நிறைய வைத்த அந்த நேரத்தில், உன்னிச்சைக் குளத்துக்கு யானைக்கூட்டம் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறது என்று தெருவில் யாரோ சொன்னார்கள். "ஆடாம இரிங்க காக்கா, இந்தா வாறன்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு டொக்டர் போய்விட்டார்.

காக்கா ஆடாமல்தான் இருந்தார். சாந்து கல்லாகிவிட்டதால் ஆட முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த டொக்டரின் மனைவிதான் வெந்நீரும் கரண்டியுமாகப் போராடி அவரை விடுவித்தார். அந்த அம்மா மெதடிஸ்த பள்ளியில் கணக்குப் படிப்பித்தவர். எங்களுக்கெல்லாம் அவர் டீச்சர். டொக்டருக்கும் அவர் டீச்சர்தான்.

பின்னேரம், நானும் அங்கே இருக்கையில், டொக்டர் யானைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

"குட்டி ஒண்டு, டீச்சர்! இம்புட்டுத்தான்!"

"தோணிய விக்கிறது," என்றார் டீச்சர்.

"எந்தத் தோணிய?"

"நம்மட வீட்டில எத்தின தோணி கெடக்கு?"

டொக்டர் கொழும்பானைப் பற்றிச் சொன்னார், மானத்தைப் பற்றிச் சொன்னார், கடைசியில் மறுபடியும் யானைக்குட்டியைப் பற்றிச் சொன்னார். டீச்சர் கணக்கை முடித்தார்:

"சரி. இந்த ஒருக்கா போங்க. ஆனா பெரியகல்லாத்தில ஏறின ஆள் ஏறாவூர்க் கரையிலதான் கால் வைக்கோணும். நடுவில தண்ணியிலயோ சேத்திலயோ உங்கட கால் பட்டிச்செண்டா, மறுநாளே தோணி வித்தாச்சு. மறுகா இந்த வீட்டில துடுப்பு எண்ட பேச்சு இரிக்கப்படாது."

டொக்டரின் முகம் வாடியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்தத் தோணியை அவர் தன் கையாலேயே தார் பூசி, சாயம் பூசி வைத்திருந்தார். அதில்லாத டொக்டரை நினைத்துப் பார்க்க எங்களாலும் முடியவில்லை.

தோணியில் மூன்று பேர். டொக்டர், பயணத்தின் வரலாற்றை எழுதுவதற்காக நான், மூன்றாவது ஆள் சாரன் காக்கா. அவர் வாவியைப் பார்க்க வரவில்லை. அவருடைய பல்லுக் கட்டு அரைகுறையாக டொக்டரின் பையில் கிடந்தது.

"மகள்ட கலியாணம் வருது. என்ட பல்லு எங்க போகுதோ நானும் அங்கதான்," என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

மாரி நன்றாகப் பெய்து வாவி ததும்பி நின்ற காலம். பெரியகல்லாற்றிலிருந்து விடியக் கிளம்பினோம். கொஞ்ச நேரத்தில் தோணி பறக்கத் தொடங்கியது. கரையிலிருந்த தென்னைகள் பின்னால் ஓடின. மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு வாய் பிளந்து பார்த்தார்கள்.

"பாத்தீங்களா கை வேகத்த!" என்றார் டொக்டர். "பல்லுப் புடுங்கிற கை, மனே. இதுக்கு முன்னால றப்பர் படகு நிக்குமா?"

காக்கா என் காதருகில் குனிந்தார். "தம்பி, டொக்டர் துடுப்பத் தூக்கி வைச்சிட்டுத்தான் பேசுறாரு. தோணி மறுகாயும் போகுதே?"

அதற்கு விடை பின்னேரம் கல்லடிப் பாலத்தில் கிடைத்தது. பாலம் நிறையச் சனம். சிலர் கைதட்டினார்கள், சிலர் மேலிருந்து இடியப்பப் பொதி இறக்கினார்கள். டீச்சர் கரையோரம் வந்து குனிந்து டொக்டரின் பாதங்களைப் பார்த்தார். காய்ந்திருந்தன. புட்டுப் பெட்டியைத் தோணிக்குள் வைத்தார். அப்போதுதான் கூட்டத்தில் ஒருவர் கத்தினார்:

"டொக்டர், சங்கதி தெரியுமா? காலையில முகத்துவாரத்த வெட்டிட்டாங்க!"

இந்த ஊரறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வாவி கடலோடு சேரும் வாயை மணல் மூடிக்கிடக்கும். மாரியில் தண்ணீர் ஏறி மேற்குக் கரை வயல்களை மூழ்கடிக்கப் பார்த்தால், அந்த மணலை வெட்டி விடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்று அதற்குப் பெயர். வெட்டினால் தண்ணீர் கடலுக்கு ஓடும், வாவி வற்றும். எங்களைப் பகல் முழுவதும் இழுத்துக்கொண்டு வந்தது டொக்டரின் கை அல்ல.

"ஆர் வெட்டச் சொன்னது?" என்று டொக்டர் கேட்டார்.

பாலத்தில் நின்ற சனம் முழுவதும் அவரையே பார்த்தது. சொன்னது அவர்தான்.

நடந்தது இது. பத்து நாளைக்கு முன் எங்கள் கந்தோரில் கூட்டம். ஏறாவூர்ப் பக்கத்து வயல்வட்டையில் நிறையக் காணி வைத்திருந்த போடியார் ஒருவர், வயல் தாழப்போகிறது என்று முறையிட வந்திருந்தார். ஆனால் அன்று காலைதான் டொக்டர் அவருக்கு மூன்று பல் பிடுங்கியிருந்தார். போடியாரால் வாய் திறக்க முடியவில்லை. கூடவே வந்திருந்த டொக்டர், தன்னால் வந்த வினை என்று தானே எழுந்து அவருக்காகப் பேசினார். மேசையில் அடித்துப் பேசினார். "நெல்லு அழுகினா நாம என்னத்தத் தின்னுற? ஆத்துவாய வெட்டுங்க!" என்று முழங்கினார். நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் கந்தோர் ஒரு கோரிக்கையைத் தாமதமின்றி நிறைவேற்றியது அந்த ஒரு தடவைதான்.

டொக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு, "வயல் தப்பிச்சிதா?" என்று கேட்டார். தப்பிவிட்டது என்றார்கள். "அப்ப சரி," என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பல தேசத்து மாலுமிகளைப் பற்றி வாசித்திருக்கிறேன். எனக்கு அந்த 'அப்ப சரி' போதும்.

தோணியிலேயே படுத்தோம். மறுநாள் முகத்துவாரத்தைத் தாண்டி வாவியின் வடக்குக் கிளையில் திரும்பினோம். முதல் நாள் எங்களை இழுத்த தண்ணீர் இப்போது எதிரே வந்தது. மூன்று பேரும் துடுப்புப் போட்டோம். காக்கா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓதிக்கொண்டே போட்டார். மத்தியானம் தாண்டியபோது ஏறாவூர்க் கரை தெரிந்தது. கரையில் குடை பிடித்தபடி டீச்சர் நிற்பதும் தெரிந்தது. அந்த இடத்தில் தோணி சேற்றில் குந்தியது. எங்களுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் இல்லை. கறுத்த சேறு மட்டும் பளபளத்தது.

காக்கா காலை வைத்துப் பார்த்தார். தொடைவரை போனது. "என்ட அல்லா!" என்று திரும்ப ஏறிக்கொண்டார். டொக்டர் கால் வைக்க முடியாது. டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் கொஞ்ச நேரம் கரையைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, அரத்தை எடுத்துக் காக்காவின் பல்லை ராவத் தொடங்கினார். வேறென்ன செய்வது? வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எங்கும் போக முடியாமல் ஓரிடத்தில் இருந்தார். அதனால்தான் அந்தப் பல்லுக் கட்டு முடிந்தது. காக்காவின் வாயில் அதைப் பொருத்தி, "ஏதாச்சும் பேசிப் பாருங்க," என்றார்.

காக்கா பேசினார். யானையில் தொடங்கி, சாந்து, தோணி, சேறு என்று வரிசையாக வைத்துத் திட்டினார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"நல்லாப் பொருந்திரிக்கி," என்றார் டொக்டர் பெருமையோடு.

அந்தச் சத்தம் வயல்வரைக்கும் போயிருக்க வேண்டும். போடியார் வரம்பில் வந்து நின்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். பிறகு, வயல் மிதிக்கிற எருமைச் சோடியை அவிழ்த்துக்கொண்டு ஆட்களோடு சேற்றில் இறங்கினார்.

"எனக்கு வாய் திறக்க ஏலாம இரிக்கக்குள்ள எனக்காகப் பேசின மனிசன், இவரு சேத்தில இரிக்கிறதா? கட்டுங்கடா கயித்த!"

எருமைகளுக்குச் சேறு புதிதல்ல. தோணியின் மூக்கில் கயிறு கட்டி இழுத்தன. வாவியின் முழு நீளத்தையும் தோணியில் கடந்த எங்கள் ஊர்ப் பயணம் இப்படியாக இரண்டு எருமைகளின் பின்னால் கரை சேர்ந்தது. டொக்டர் தோணியின் முன்புறம் நிமிர்ந்து நின்று, விசில் ஊதி, இடையிடையே சேற்றுக்குத் துடுப்பும் போட்டார். வரம்பு நிறைய நின்ற சனம் கூவியது. நானும் கூவினேன். அந்த நேரத்தில் கொழும்பான் ஒருவன் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

கரைக்கு ஒரு பாய் நீளம் இருக்கையில் எருமைகள் நின்றன. டொக்டர் டீச்சரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"பாருங்க டீச்சர்! காஞ்ச கால்! இந்தா!"

உள்ளங்காலைக் காட்டுவதற்காக ஒரு காலை உயரத் தூக்கினார். தோணி சரிந்தது. தொப்பி முதலில் சேற்றில் விழுந்தது. டொக்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதைத் தொடர்ந்து போகத் தொடங்கினார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். தோணி போயிற்று என்றே நினைத்தேன்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது குடை தலைகீழாகக் கிடந்தது. டீச்சர் வெள்ளைச் சேலையோடு முழங்கால் சேற்றில் நின்று, டொக்டரின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஆடாம இரிங்க," என்றார் டீச்சர்.

அவரைத் தாங்கித் தோணிக்குள் திரும்ப நிறுத்தினார். போடியாரின் ஆட்கள் தோணியைக் கரைக்கு இழுத்தார்கள். டொக்டர் காய்ந்த காலோடு ஏறாவூர் மண்ணில் இறங்கினார். இறங்கியவர் டீச்சரின் கால்களைப் பார்த்தார்.

"உங்கட கால்ல சேறு, டீச்சர்."

"நான் சொன்னது உங்கட கால," என்றார் டீச்சர். "தோணி நிக்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், டீச்சர் குடையோடு அந்தத் தோணியில் ஏறுவதைக் கல்லடிப் பாலத்தில் நின்று நாங்கள் பார்த்தோம். உங்களைத் தனியே விட ஏலாது என்று சொல்லித் தானும் ஒரு துடுப்பை வாங்கிக்கொண்டார். டொக்டர் முன்னுக்குப் போகத் துடுப்புப் போட, டீச்சர் பின்னுக்குப் போகப் போட்டார். தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் படிப்பித்த சத்தம் பாலம்வரை கேட்டது. நாங்கள் சிரிக்கவில்லை என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. ஆனால் வெயில் ஏறியும் எங்களில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.