நாச்சி இருந்ததற்கான ஆதாரம்

ஒரு காட்டில் ஒரு புனுகுப்பூனை இருந்தது. இருந்ததா இல்லையா என்பதில்தான் தகராறே. அவள் பெயர் நாச்சி. பெரும்புள்ளி இனம். அந்த இனம் பூண்டோடு போய்விட்டது என்று நகரத்தில் தடித்தடியான புத்தகங்களில் அச்சடித்தாயிற்று. நாச்சிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் விஷயம் தெரியாமலே, நாவல் மரத்தடிப் பொந்தில் இரண்டு குட்டிகளைப் பெற்று, நண்டும் தவளையும் ஊட்டி வளர்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அந்த நாவல் மரத்தில் யாரோ சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். விசாரித்தால், ரோடு வருகிறதாம். அருகிப்போன உயிர் ஏதாவது அங்கே வசிப்பதற்கு ஆதாரம் இருந்தால் ரோடு கொஞ்சம் வளைந்து போகும். இல்லாவிட்டால் நேராக வரும். நேராக என்றால், நாச்சியின் பொந்து வழியாக. அமாவாசை வரைக்கும் கெடு.

நாச்சி மரபணுப் பதிவகத்துக்கு ஓடினாள். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு மெஷினையும் ஒரு நாற்காலியையும் விட்டுப்போன தகரக் கொட்டகை அது. நாற்காலியில் ஒரு கருமந்தி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த நாளிலிருந்து அவர் வேலப்பன் சார்.

“ஏனுங்க சார், நான் இருக்கறேனுங்க,” என்றாள் நாச்சி.

“அத நீங்க சொன்னா எப்படிங்க? மெஷின் சொல்லோணும்.”

“அப்பறம் என்னுங்க, ரெண்டு முடி பிடுங்கித் தரட்டுங்களா?”

“கையில கொண்டாந்து குடுத்தா அதுக்குப் பேரு சாம்பிள் இல்லீங்க, சிபாரிசு. காட்டுல கிடக்கோணும், எங்க ஆளு பொறுக்கோணும், பொறுக்கறப்ப நீங்க பக்கத்துல இருக்கக் கூடாது. எச்சம் போட்டு வைங்க. எங்க ஆளு ஜீப் தடத்துல வருவாரு.”

நாச்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புனுகுக் குடும்பத்தில் அந்தக் காரியத்துக்கென்றே ஒரு பாறை மறைவு உண்டு. அம்மா போன இடம், அம்மாவின் அம்மா போன இடம். பாதையில் உட்காருவதெல்லாம் நரி செய்கிற வேலை.

“பாறைக்குப் பின்னால வந்து எடுத்துக்கக் கூடாதுங்களா?”

“ஜீப் அங்க வராதுங்க.”

மறுநாள் காலையில், மைனாக்கள் வேடிக்கை பார்க்க, நாச்சி ஜீப் தடத்தின் நட்டநடுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். மானம் போனாலும் வீடு மிஞ்சட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அன்று மத்தியானமே மழை பிடித்தது. பொறுக்குகிற ஆள் மூன்று நாள் கழித்து, குடை காய்ந்த பிறகு வந்தார்.

“தவளைன்னு வந்திருக்குதுங்க,” என்றார் வேலப்பன் சார், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

“யாருங்க தவளை?”

“நீங்கதான். எச்சத்துல ரெண்டு பேரு இருப்பாங்க. போட்டவரு ஒருத்தரு, உள்ள போனவரு ஒருத்தரு. போட்டவரு மேலாப்புல ஒட்டியிருப்பாரு, மழை கழுவிட்டுப் போயிருச்சு. உள்ள போனவரு பத்திரமா இருக்காரு. அருமையான தவளை. சான்றிதழ் குடுத்துட்டோம்.”

செத்துப்போன தவளையின் சித்தப்பா சான்றிதழைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாச்சியை முறைத்தபடி படியிறங்கினார். நாச்சி தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் நாலு நாள்தான் இருந்தது. மழையோ விடுகிற மாதிரி இல்லை.

“மழைக்கு முன்னாடி ஓடிவந்து எடுக்க மாட்டீங்களா சார்?”

“சிறுத்தையோடதுன்னா சுடச்சுட எடுப்போம். அவரு பேருல தனித் திட்டமே நடக்குதில்ல.”

நாச்சி வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்குப் புத்தி வேலை செய்துவிட்டது. பாவம், வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

சிறுத்தை ஒரு மானை முடித்துவிட்டுப் பாறையில் சாய்ந்திருந்தார். நாச்சி நாலடி தள்ளி நின்று கும்பிட்டாள்.

“ஐயா, என்னையத் தின்னோணுங்க.”

“இப்பத்தான் சாப்பிட்டேன் தாயி.”

“முழுசா வேண்டாமுங்க. வாலு மட்டும்.”

சிறுத்தைக்கு இப்படியொரு விருந்து யாரும் வைத்ததில்லை. “வாலோட நிறுத்தி எனக்குப் பழக்கமில்லையே.”

“முழுசாத் தின்னா குட்டிகளப் பாக்க ஆளில்லாமப் போயிருமுங்க. ரோடு வந்தா உங்க பாறையும் போயிருமுங்க.”

பாறை என்றதும் சிறுத்தைக்கு இரக்கம் சுரந்தது. ஒரே கடிதான். வலித்தது, உயிர் போகிற மாதிரி வலித்தது. ஆனால் நாச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். பொந்தில் குட்டிகள் தூங்குகிற நேரம்.

இரண்டாம் நாள் மெஷின் மணியடித்துச் சொன்னது: போட்டவர் சிறுத்தை, உள்ளே போனவர் பெரும்புள்ளிப் புனுகு. காடே அமர்க்களப்பட்டது. நாவல் மரத்திலிருந்த பெருக்கல் குறியை அழித்தார்கள். ரோடு வளைந்து போனது. நாச்சி குட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சான்றிதழ் வாங்கப் போனாள்.

கொட்டகை வாசலில் ஒரு படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ‘காலஞ்சென்ற பெரும்புள்ளிப் புனுகு’ என்று எழுதியிருப்பதாக மைனா படித்துச் சொன்னது.

“சார், அது நாந்தானுங்க. உசுரோடதான இருக்கறேன்!”

வேலப்பன் சார் எழுந்து கதவைச் சாத்தினார். “சத்தமாச் சொல்லாதீங்க. ஆதாரப்படி நீங்க சிறுத்தை வயித்துல இருக்கறீங்க. இப்ப உசுரோட இருக்கறேன்னா ரிப்போர்ட் தப்புன்னு ஆயிரும். ரோடு நேரா வந்துரும். எப்படி வசதி?”

நாச்சி யோசித்தாள். “செத்தே போனேனுங்க சார்,” என்றாள்.

அதோடு விட்டார்களா என்றால், இல்லை. அடுத்த ஆடியில் மைனா ஒரு கடிதத்தோடு வந்தது. ஒரே ஒரு உயிர் இருந்தால் அது இனம் ஆகாதாம். பாதுகாப்பைப் புதுப்பிக்க, ஒன்றுக்கொன்று உறவான இன்னும் இரண்டு உயிர்களின் மரபணு வேண்டுமாம். பழையபடி சிறுத்தை வழியாகவே அனுப்பினால் உத்தமமாம்.

நாச்சி குட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். பொந்து வாசலில் ஒன்றின் வாலை ஒன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. பட்டை பட்டையாக, அவளுக்கு முன்பு இருந்ததைப் போலவே அழகான வால்கள். இரண்டையும் நக்கிச் சுத்தம் செய்து, ஆளுக்கு ஒரு நண்டு கொடுத்து, வலிக்காது என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள்.

சிறுத்தையின் பாறையில் கூட்டம். எறும்புதின்னி, தேவாங்கு, அணில், ஆமை எல்லாம் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றன. சிறுத்தை வயிற்றைத் தடவியபடி மேலிருந்து கூப்பிட்டார்:

“தள்ளாதீங்க, தள்ளாதீங்க. குட்டியோட வந்தவங்க முன்னால வாங்க.”

நீதி: நீங்கள் உயிரோடு இருப்பதாக நீங்களே சொன்னால் எந்த ஆபீசும் நம்பாது, உங்களைத் தின்றவர் சொன்னால் உடனே நம்பும். ஆகவே குழந்தைகளே, வாலைப் பத்திரமாக வளர்த்து வையுங்கள்.