இது பொய் வீடு என்பதற்கான அடையாளங்கள்

என் மகள் வயிற்றுப் பேத்தி, கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை பார்க்கும் செல்லத்துக்குப் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், இடுப்பு மட்டும் நலமில்லை. நீயும் உன் அம்மாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் பண்ணினால்தானே தெரியும், நீ பண்ணிப் பத்தொன்பது நாள் ஆகிறது. நான் எண்ணவில்லை, அதுவாக மனசில் நிற்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய என் அப்பாவைத் திட்டு, நான் தினமும் திட்டுகிறேன்.

நான் குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, அதில் ஒரு சொல்லைக்கூட நான் தொலைக்கவில்லை. "திருட்டுப் புரோகிராம் வந்தா அதை நேரா நிஜக் கம்ப்யூட்டர்ல விடமாட்டோம் பாட்டி. கம்ப்யூட்டருக்குள்ளயே பொய்யா ஒரு கம்ப்யூட்டர் பண்ணி, அதுக்குள்ள விட்டு, என்ன பண்ணுதுன்னு வெளியில இருந்து பார்ப்போம்"னு சொன்னே. அதுக்குத் தெரியாதான்னு கேட்டேன். "கெட்டிக்காரப் புரோகிராம்னா கண்டுபிடிச்சிடும். சுத்திமுத்திப் பார்க்கும். பழைய ஃபைல் ஏதாவது கிடக்கா, யாராவது மவுஸை அசைக்கிறாங்களா, எல்லாம் நேத்துப் பொறந்த மாதிரி புதுசா இருக்கான்னு பார்க்கும். பொய்னு தெரிஞ்சா வாலைச் சுருட்டிக்கிட்டு நல்ல பிள்ளையா உட்கார்ந்துக்கும். நிஜம்னு தெரிஞ்சாத்தான் வேலையைக் காட்டும். அதனால நாங்களும் பழைய ஃபைலைக் கொண்டுவந்து உள்ள போட்டு ஏமாத்துவோம்"னே. அன்றைக்கு அது கதை மாதிரி இருந்தது. இப்போது அதுதான் எனக்குத் துணை.

ஏனென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து உன் மாமா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. ஏழு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, ஒரு அறை, ஒரு சமையல் மூலை, கட்டில் பக்கத்தில் இழுத்தால் மணியடிக்கும் சிவப்புக் கயிறு. "ஒரு மாசம் இருந்து பாரும்மா, தனியா சமாளிக்கிறியான்னு பார்ப்போம்" என்றான். அவன் போனதும் நான் சுற்றிமுற்றிப் பார்த்தேன். இழுப்பறையைத் திறந்தால் பசை நாற்றம், உள்ளே ஒரு பழைய ரசீது இல்லை, துருப்பிடித்த ஊக்கு இல்லை. சுவரில் ஆணி அடித்த ஓட்டை கிடையாது. குழாய் சொட்டவில்லை. எந்த வீட்டிலடி குழாய் சொட்டாமல் இருக்கும்? சாக்கடைத் துவாரத்தில் ஒரு முடிகூட இல்லை. தெருவில் சண்டைச் சத்தமும் இல்லை. புரிந்துவிட்டது. இது பொய் வீடு. என்னை உள்ளே விட்டு வெளியிலிருந்து பார்க்கிறார்கள். ஒழுங்காக இருந்து காட்டினால் என் வீடு எனக்கு, இல்லையென்றால் இல்லை.

அன்றிலிருந்து நான் நல்ல பிள்ளை. தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு நர்சம்மா தாளோடு வந்து டிக் போடுவாள். "தூங்கினீங்களா பாட்டி, எல்லாம் பிடிச்சிருக்கா?" என்பாள். நான் சிரித்துக்கொண்டே "ரொம்பப் பிடிச்சிருக்கு தாயி" என்பேன். கஞ்சியில் உப்பில்லை, சொல்லவில்லை. ஜன்னலுக்கு எதிரே சுவர், சொல்லவில்லை. இதைவிடப் பெரிய விஷயம், என் மருமகள் வந்தாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை முதல்முதலாக என் சமையலறைக்குள் வந்து, "இங்க காத்தே வராதா?" என்று கேட்டவள். அவளை உட்காரவைத்து, "இளைச்சுட்டியேம்மா" என்று சொன்னேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது. அவளும் பயந்துபோய் உன் மாமாவிடம், "அத்தைக்கு டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாளாம்.

பக்கத்து அறையில் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். வாய் ஓயாது. டீ ஆறிப்போச்சு, லிஃப்ட் ஆடுது, என்னை வீட்டுக்கு அனுப்புங்கடா என்று கத்துவார். எவ்வளவு நாளா இருக்கீங்கன்னு கேட்டேன். "ஆறு வருஷம்"னாரு. பாவம், ஆறு வருஷமா பெயில் ஆகிறார். மெதுவாப் பேசுங்க, பாக்குறாங்கன்னு சொன்னேன். "யாரும்மா பாக்குறா? அப்படி ஒருத்தன் பாத்தாத் தேவலையே"ன்னாரு. புரியாத மனுஷன்.

உன் மாமாவும் லேசுப்பட்டவன் இல்லை. இரண்டாவது வாரம் என் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். மூன்றாவது வாரம் தையல் மிஷின். பழைய ஃபைலைப் போட்டு ஏமாற்றுகிறானாம்! எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு, "அட, அழகா பொருந்துதேப்பா" என்றேன்.

நாளை மறுநாள் மாசம் முடிகிறது. நான் ஒரு டிக் தவறவிடவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு நீயே வா, உன் மாமா ஓட்டினால் எனக்கு வயிற்றைப் புரட்டும். எதிர்வீட்டுத் தையல்காரிக்கு நான் வருவது தெரிய வேண்டாம், ஏணி வாங்கிப்போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பதில் எழுதினால் வீட்டு விலாசத்துக்கே எழுது. வாசல் நம்பர்த் தகட்டில் ஏழுக்குக் கொம்பு உடைந்து ஒன்று மாதிரி இருப்பதால் தபால்காரர் தடுமாறுவார். அந்த ஆணியைக் கோணலாக அடித்தது உன் சின்னத் தாத்தா, அதையும் நான் மறக்கவில்லை.

நீ கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நூறு வருஷம் என்னை மாதிரி நினைவோடும், என்னை மாதிரி விழாமலும் இருக்க வேண்டும். உன் அம்மாவுக்கு என் ஆசி, என் மேல் அவளுக்குக் கோபம் தீர்ந்திருந்தால்.

இப்படிக்கு,
பாட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் மாமா வந்தான். செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கையில் வைத்தான். பிரித்தால், கொம்பு உடைந்த ஏழு. "புதுசா வந்தவங்க வேற நம்பர் மாட்டுறாங்களாம்மா, உனக்கு ஞாபகமா இருக்கட்டும்னு கழட்டிட்டு வந்தேன்" என்றான். எந்தப் புதுசா வந்தவங்க என்று கேட்டேன். "வீட்டைக் கொடுத்துட்டேம்மா. முதல்ல எனக்கு மனசே வரலை. ஆனா நீ ஒரு நாள்கூடக் குறை சொல்லலையே. உன்னை இவ்வளவு சந்தோஷமா நான் பார்த்ததே இல்லை. இனிமே இதுதான் உன் வீடு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பழக்கதோஷம், "ரொம்ப நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டேன்.

தகட்டின் பின்னால் நம் வீட்டுச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. ஒருத்தி திரும்பிப் போகவேண்டிய வீட்டிலிருந்து நம்பரைக் கழற்ற மாட்டார்கள். ஆகையால் மேலே எழுதியது அத்தனையும் தப்பு. வண்டி வேண்டாம். பதிலை இந்த விலாசத்துக்கே போடு.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு நர்சம்மா தாளோடு வருவாள். நிஜம்னு தெரிஞ்சா அந்தப் புரோகிராம் என்ன பண்ணும்னு நீ எனக்குச் சொல்லியிருக்கே. அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை, பாவம்.