ஏரிக்கு நாலரை போட்டவர்

புள்ளியண்ணையிடம் புள்ளி வாங்காமல் சுவிஸின் பீல் நகரத்தில் எந்த உயிரும் தப்பியதில்லை. உயிரில்லாதவையும் தப்பவில்லை. எண்பதுகளின் நடுவில் அந்த ஊரின் ஏரிக்கு அவர் போட்டது நாலரை. "நீளம் பரவாயில்லை, அகலம் காணாது" என்றார். அதன் பின்னால் முதுகு காட்டிப் படுத்திருக்கும் ஜூரா மலைக்கு ஐந்து. எங்கள் அறைத்தோழன் செல்வம் வைத்த சொதிக்கு மூன்றரை. செல்வம் அகப்பையோடு வந்து நின்றான்.

"அண்ணை, மூண்டரை எண்டால் பாஸோ பெயிலோ?"

"பெயில். நாலு எடுத்தால்தான் பாஸ். தேங்காய்ப்பால் தகரத்திலை வந்ததெண்டு இரக்கப்பட்டு அரைப் புள்ளி கூட்டித்தான் போட்டனான்."

சுவிஸ் பள்ளிக்கூடங்களில் ஆறுதான் உச்சம், ஒன்று பாதாளம், நான்கு எடுத்தால் கரையேறலாம். ஃப்ராவ் என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாவிடம் இதைக் கேட்டறிந்த நாளிலிருந்து அவர் உலகத்தை அந்த ஆறுக்குள் அடக்கிவிட்டார். ஆனால் ஆறை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். "ஆறு குடுத்தால் பிறகு அந்தச் சீவன் திருந்தாது" என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. அவரும் யாருடைய பெயரையும் முதலில் கேட்பதில்லை. ரயிலால் இறங்கி, பழைய சப்பாத்தும் மெல்லிய சட்டையுமாகப் பல் கிட்டிப்போய் நிற்கிற புதுப் பொடியனிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, ஊரில் எழுதிய உயர்தரப் பரீட்சையைப் பற்றி: "ஏ லெவல் என்ன றிசல்ட்?"

"மூ... மூண்டு சி... ஒரு எஸ், அண்ணை."

"குளிருக்கு நடுங்கிறியோ, றிசல்ட்டுக்கு நடுங்கிறியோ?"

அதற்குப் பிறகுதான் தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்திவிடுவார்.

இந்த மனிதர்மேல் எனக்கு ஏற்பட்ட எரிச்சலை எங்கிருந்து தொடங்கி எழுதுவது? பனி என் தலையில் விழுந்தால் தடிமன், தும்மல். அவர் தலையில் விழுந்தால் அழகு. கீழ்வீட்டு ஃப்ராவ் எனக்குக் குப்பை எந்த நாளில் வைக்க வேண்டும் என்று சொல்வாள். அவருக்கு ஆப்பிள் கேக் கொடுப்பாள். நாங்கள் இருவரும் ஒரே ஹோட்டல் சமையலறையில் வேலை. அவர் உருளைக்கிழங்கு உரித்தார், நான் சட்டி கழுவினேன். ஒருநாள் தலைமைச் சமையல்காரரின் சூப்பை ருசி பார்த்து, நாலு விரலை நிமிர்த்திக் காட்டினார். இன்றோடு இவர் கதை முடிந்தது என்று நான் சட்டிக்குள் முகத்தை விட்டுச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் அந்தச் சிவந்த மலைமனிதர் சாதிக்காய் சீவிப் போட்ட புது சூப்போடு வந்து, பள்ளிப் பிள்ளையைப் போல இவர் முன்னால் நின்றார். நாலரை கிடைத்தது. சமையல்காரர் இவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவருடைய சட்டிகளையெல்லாம் தேய்த்த என் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

எனக்கு ஆறுதல் ஒன்றே ஒன்றுதான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இருவருமே படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர்கள். அவர் கண்டிப் பக்கத்துக் கம்பஸில் பொறியியல், நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம். என் முதலாமாண்டுக் கணிதம் அறுபத்தெட்டு. அவருடையது ஐம்பத்து நாலு. அந்த வித்தியாசத்தை நான் சட்டைப்பையில் நெருப்புப் பெட்டியாக வைத்திருந்தேன். குளிர் ஏறும்போதெல்லாம் ஒரு குச்சி உரசிக்கொள்வேன்.

சூரிச்சில், மலைச்சரிவில், ஊரையே கீழே பார்த்துக்கொண்டு நிற்கிற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதுதான் இருவரின் கனவும். எனக்கு அது வெறும் கனவு இல்லை, மூச்சு. ஊரிலிருந்து அம்மா எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் "படிப்பு எப்போது தொடங்கும்?" என்றொரு வரி இருக்கும். சட்டி கழுவுகிறேன் என்று நான் அவளுக்கு எழுதியிருக்கவில்லை.

புள்ளியண்ணை எங்கள் இருவரின் வாய்ப்பையும் வானிலை அறிக்கை போல வாசித்தார். "எனக்கு நூத்துக்கு அறுவது வீதம். உனக்கு நாப்பது."

"அண்ணை, உங்கடையிலும் பார்க்க என்ரை புள்ளி கூடவெல்லே!"

"ஓம், கூட. அதுதான் பயமாக் கிடக்கு."

பைத்தியம் என்று நினைத்தேன். ஐம்பத்து நாலு எடுத்தவனின் பைத்தியம்.

சூரிச்சுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனோம். அனுமதி அலுவலகத்தில் வெள்ளி முடிப் பெண் ஒருவர் எங்கள் சான்றிதழ்களைப் புரட்டினார். சாதாரணமாகக் கணிதம், பௌதிகம், இரசாயனம், ஜேர்மன் என்று நாலு பாடத்திலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சராசரி நாலு வந்தால் இடம். ஆனால் என்னுடைய புள்ளிகள் நன்றாக இருப்பதால் எனக்குச் சலுகை: கணிதமும் ஜேர்மனும் மட்டும் எழுதினால் போதும். விரும்பினால் நாலும் எழுதலாம். புள்ளியண்ணைக்குச் சலுகை கிடையாது.

நான் நெருப்புப் பெட்டி முழுவதையும் ஒரேயடியாகக் கொளுத்தினேன். அப்படியொரு வெளிச்சம் நெஞ்சுக்குள்.

வெளியே நடைபாதையில் அவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "டேய், சலுகை வேண்டாம் எண்டு திரும்பிப் போய்ச் சொல்லு. நாலையும் எடு."

"ஏன்?"

"உன்ரை ஜேர்மனும் என்ரை ஜேர்மனும் ஒரே மாதிரி. ரெண்டரை தேறும். அது கீழை இழுக்கேக்கை மேலை தூக்கிறதுக்குப் பௌதிகமும் இரசாயனமும் வேணும். ரெண்டு பாடத்தோடை போனால் ஆரடா உன்னைத் தூக்கிறது?"

"எரிச்சல் எண்டால் எரிச்சல் எண்டு நேராச் சொல்லுங்கோ அண்ணை."

அவர் என் சட்டைக் கையை விட்டார். "சரி. பெருமைக்கு அஞ்சு" என்று சொல்லிவிட்டு மாப்பொறி வாங்கப் போனார். வறுத்த கஷ்கொட்டைக்கு அவர் வைத்த பெயர் அது. எனக்கும் ஒரு சுருள் வாங்கிவந்தார். கோபத்தோடு தின்றேன். ருசியாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்து வந்த கோடை முழுவதும் அவர் உருளைக்கிழங்குச் சாக்கின்மேல் இரசாயனப் புத்தகத்தை விரித்துவைத்து உரித்தார். தோலோடு பக்கங்களும் ஈரமாயின. நான் சலுகைக்காரன், ஏரிக்கரையில் காற்று வாங்கினேன்.

முடிவு வந்தது. எனக்குக் கணிதம் ஐந்து. அவரைவிட அதில் நான்தான் கூட! ஜேர்மன் இரண்டரை. கூட்டி இரண்டால் பிரித்தால் மூன்றே முக்கால். செல்வத்தின் சொதியைவிடக் கால் புள்ளி அதிகம், அவ்வளவுதான்.

அவருக்கு ஜேர்மன் அதே இரண்டரை. மற்ற மூன்றிலும் நாலரை, நாலரை, நாலரை. சமையலறைக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் விரலால் கூட்டிப் பிரித்துப் பார்த்தேன். சரியாக நாலு. ஒரு தூசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் அழகான அறுபத்தெட்டு, என்னைத் தூக்கியிருக்கக்கூடிய இரண்டு பாடங்களையும் பிடுங்கி வைத்துக்கொண்டது. அவருடைய சோகை பிடித்த ஐம்பத்து நாலு, அவரைத் தோளில் சுமந்துபோய் இறக்கிவிட்டது.

"நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். பாவி, சொல்லவில்லை. செல்வத்தைக் கூப்பிட்டு, "இண்டைக்கு இவனுக்குப் பிடிச்ச கணவாய்க் கறி வை, நாலுக்குக் குறையாமல் போடுவன்" என்றார்.

தலைமைச் சமையல்காரர் அவருக்கு விருந்து வைத்தார். கீழ்வீட்டு ஃப்ராவ் முழுக் கேக் ஒன்று கட்டிக் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புறப்படுகிற நாளில் அவர் பெட்டியின் கைப்பிடி வேறு உடைந்துவிட்டது. அதை நான்தான் நெஞ்சோடு அணைத்து ரயில் நிலையம் வரை தூக்கிப்போனேன். உள்ளே முழுவதும் புத்தகம். வழியெல்லாம் மனதுக்குள் திட்டினேன். மேடைக்கு வந்ததும் மனது போதாமல் வாயும் திறந்துகொண்டது.

"அண்ணை, உண்மையைச் சொல்லட்டோ? எனக்கு வயிறு பத்தியெரியுது."

"தெரியும். உன்ரை எரிச்சலுக்கு அஞ்சரை போட்டிருக்கிறன்."

அவ்வளவு பெரிய புள்ளியை அவர் யாருக்கும் எதற்கும் போட்டு நான் கண்டதில்லை. அந்த நேரத்திலும் எனக்கு ஆசை விடவில்லை. "அதிலையும் ஏன் அரை குறைச்சனீங்கள்?"

"முழு எரிச்சல்காரன் பெட்டி தூக்குவானோடா?"

ரயில் வந்தது. படியில் நின்று, "வாற வருசம் நாலையும் எடு, எழுவது வீதம்!" என்று மேடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். கதவு மூடிக்கொண்டது.

திரும்பும்போது பேருந்தில் ஏறாமல் ஏரிக்கரையால் நடந்தேன். பனிப்புகார் இறங்கிக்கொண்டிருந்தது. அகலம் காணாது என்று அவர் நாலரை போட்ட அந்த ஏரி, அன்றைக்கு மறுகரையே தெரியாத அளவுக்கு அகலமாகக் கிடந்தது.