இரண்டு லெம்பாகாவும் ஒரு பூசணிக்காயும்

ஜெலுத்தோங், பினாங்கு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் முனுசாமி அவர்களுக்கு,

குணாளன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகள் அதிராவும் சுகம். உங்கள் தங்கை லோகேஸ்வரியும் சுகம். அவள் எவ்வளவு சுகம் என்பது இந்த வாரம் ஊருக்கே தெரிந்துவிட்டது. அங்கே பாலிக் புலாவில் நீங்களும் அக்காவும், உங்கள் டுரியான் மரங்களும், அவற்றின் மேல் கண் வைத்திருக்கும் குரங்குகள் நீங்கலாக மற்ற அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் கைப்பேசியை உங்கள் தங்கை என்னைவிட நன்றாகப் படிக்கிறாள்.

நேற்று நீங்கள் கூப்பிட்டு, "என்ன மாப்ள, தங்கச்சி காலேஜ்ல போயி பேய் ஓட்டுனிச்சாமே, நெருப்பணைக்கிற போம்பா வண்டியெல்லாம் சைரன் போட்டு வந்துச்சாமே?" என்று கேட்டீர்கள். அவள் பக்கத்திலேயே நின்றதால் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன், மன்னிக்கவும். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நடந்ததை நடந்தபடி, எதையும் கூட்டாமல் இதில் எழுதுகிறேன்.

அதிரா படிப்பது மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்ப டிப்ளோமா என்பது உங்களுக்குத் தெரியும். நோயாளி மூச்சுவிட உதவும் இயந்திரம் தானே மூச்சுவிடாமல் நின்றுபோனால் அதைத் திறந்து பார்க்கிற படிப்பு. பட்டர்வொர்த் பக்கம் ஒரு மருத்துவமனை, சான்றிதழ் செல்லுமென்றால் உடனே வேலை என்று சொல்லியிருக்கிறது. அந்தச் 'செல்லுமென்றால்' இருக்கிறதே மச்சான், அதுதான் என் உயிரை வாங்கியது. ஏனென்றால் இந்தப் படிப்புக்கு இருந்தது தற்காலிக அங்கீகாரம்தான். பட்டமளிப்புக்கு முன்னால் முழு அங்கீகாரம் வராவிட்டால் என் மகள் இவ்வளவு காலம் படித்தது எங்கள் குடும்பத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும். அந்த அங்கீகாரத்தை யார் கொடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் நான் புறப்பட்டேன். வாழ்நாளெல்லாம் தொழிற்சாலை ஸ்டோரில் இருந்தவன் நான்; எந்தப் பெட்டி எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று பார்ப்பதே என் பிழைப்பு. இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் அலமாரி கிடைக்கவில்லை. சுகாதாரப் பக்கம் போனேன், இது இயந்திரம், பொறியியல் பக்கம் போங்கள் என்றார்கள். பொறியியல் பக்கம் போனேன், இயந்திரம்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறதே என்றார்கள். திறன் பயிற்சிப் பக்கத்தில், நீங்கள் சொல்வது டிப்ளோமா, எங்களுக்குக் கொஞ்சம் உயரம் என்றார்கள். கடைசியில் இரண்டு வாரியங்கள் மிஞ்சின. உயர்கல்விப் பக்கத்துத் தர வாரியம், தொழில் வாரியம் முதலில் தலையாட்டட்டும், நாங்கள் முத்திரை குத்துகிறோம் என்றது. தொழில் வாரியமோ, அவர்கள் முதலில் முத்திரை குத்தட்டும், நாங்கள் தலையாட்டுகிறோம் என்றது. இருவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள், காப்பிகூடக் கொடுத்தார்கள். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, ஆகவே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் ஆசிரியர் இருக்கிறாரா, கருவி இருக்கிறதா, அல்லது வாசலில் பெரிய போர்டு மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கம் வேண்டும். பிள்ளைக்கு வேலை தெரிகிறதா என்று பார்க்க அந்த வேலை தெரிந்தவர் வேண்டும். ஒருவரே இரண்டையும் பார்த்தால் ஒன்றை ஒழுங்காகப் பார்க்கமாட்டார். ஆனால் பெற்றவன் தட்டுவதற்கு ஒரே ஒரு கதவு வேண்டும் மச்சான். எனக்கு வயதாகிவிட்டது, இத்தனை கதவுக்குக் கை தாங்காது.

சரி, பேய்க்கு வருகிறேன். வாரியத்துக்கு மலாயில் லெம்பாகா என்று பெயர். இருட்டில் மரத்தடியில் வெள்ளையாக நிற்குமே ஓர் உருவம், அதற்கும் லெம்பாகா என்றுதான் பெயர். உங்கள் தங்கையோ மலாய்ப் பேய் நாடகம் ஒன்றைக்கூட விடாதவள். ஒருநாள் அதிரா தன் தோழி நஜ்வாவிடம் போனில், போன தடவை லெம்பாகா மூன்றாம் மாடி லேப் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டது, இந்த வாரம் மறுபடியும் வருகிறது, நினைத்தாலே கைகால் நடுங்குகிறது என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. உங்கள் தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, லெம்பாகா வருதாமே?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு கே.எல்.ல இருந்து, ஒண்ணு புத்ராஜெயாவுல இருந்து."

"அவ்ளோ தூரத்துல இருந்தா? எப்படி வரும்?"

"ஃப்ளைட்லதான்."

"ரெண்டும் ஒரே நாள்லயா?"

"ஒரே நாளுதான். ஆனா ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்காது. அது ஒரு ரூம்ல ஒக்காந்தா இது வேற ரூம்ல போயி ஒக்காந்துக்கும். அதான் பிரச்சினையே."

"வெரட்டி வெளிய கொண்டார முடியாதா லா?"

"வெரட்டுறதாவது! நாமதான் லெட்டர் மேல லெட்டர் போட்டுக் கூப்பிட்டிருக்கோம்!"

அவள் விழுந்த கரண்டியைக் கழுவப் போய்விட்டாள். பயந்துபோய்விட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

லெம்பாகா வரும் நாளன்று நானும் வருகிறேன் என்று ஒரு பையோடு காரில் ஏறிக்கொண்டாள். பைக்குள் பார்த்தால் பூசணிக்காய், சூடம், எலுமிச்சம்பழம், காய்ந்த மிளகாய். இதெல்லாம் எதற்கென்று கேட்டேன். "லெம்பாகாவுக்குத்தான்" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன், ஆனால் பாசார் சந்தைப் பக்கம் நெரிசல், பின்னால் ஒருவன் ஹாரன், அதற்குள் கல்லூரியும் வந்துவிட்டது. அவளை வாசலில் இறக்கிவிட்டு கார் நிறுத்த இடம் தேடிப் போனேன். மச்சான், கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைத்தாலும் கிடைக்கும், அந்தத் தெருவில் பார்க்கிங் கிடைக்காது.

நான் இல்லாத நேரத்தில் நடந்ததைக் காவலாளி இக்மல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் சொன்னபடியே தர வாரியத்து அதிகாரியம்மா புவான் சலேஹா இடதுபக்க அறையில், தொழில் வாரியத்து ஐயா என்சிக் இஸ்மாயில் வலதுபக்க அறையில். இரண்டு கதவும் மூடியிருக்க, கல்லூரி கிளார்க் ஒருத்தி இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்து தேய்ந்துகொண்டிருந்தாளாம். நடுக்கூடத்தில் உங்கள் தங்கை மேலேயும் கீழேயும் பார்த்து, ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, பூசணிக்காயை வைத்து, அதன் தலையில் கை நிறையச் சூடத்தைக் கொட்டிக் கொளுத்தியிருக்கிறாள். இக்மல் ஓடிவந்து, அம்மா, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டானாம். லெம்பாகாவை வெளியே வரவைக்கிறேன் என்றாளாம். சொல்லி வாய் மூடவில்லை, கரும்புகை மேலே போய், கட்டடம் முழுவதும் அலாரம் அலறத் தொடங்கிவிட்டது.

நான் வந்து பார்க்கிறேன், கல்லூரியே தெருவில் நிற்கிறது. போம்பா வந்து பார்த்து முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. உச்சி வெயில், கார் நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு மரம். அந்த நிழலில் இந்தப் பக்கம் புவான் சலேஹா, அந்தப் பக்கம் என்சிக் இஸ்மாயில், நடுவில் கையில் எலுமிச்சம்பழத்தோடு உங்கள் தங்கை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி நானே கடித்திருப்பேன். மகள் வாழ்க்கை போயிற்று என்றே நினைத்தேன். அப்போது லோகேஸ்வரி தன் கொச்சையான பாசார் மலாயில் அவர்களைப் பார்த்து, "இந்தப் படிப்புக்கு யார் பாஸ்?" என்று கேட்டாள்.

"அவர்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லி, ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள்.

அலாரம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தவர் என்சிக் இஸ்மாயில். உங்கள் கடிதத்துக்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம் என்றார். நாங்களும் உங்கள் கடிதத்துக்காகத்தான் என்றார் புவான் சலேஹா. இருவரும் வெவ்வேறு அலமாரியில் ஒரே பெட்டியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! வெயிலில் நின்றபடியே பேச்சு வளர்ந்தது. இஸ்மாயில் திரும்பி, பக்கத்தில் நின்ற அதிராவிடம், வார்டில் ஒரு கருவி இப்படி அலாரம் அடித்தால் முதலில் எதைத் திறப்பாய் என்று கேட்டார். என் மகள், "எதையும் தொறக்க மாட்டேன் சார். மொதல்ல பேஷண்ட பாப்பேன், அப்புறந்தான் மெஷின" என்றாள். அவர் தலையாட்டினார் மச்சான்! அத்தனை நாளாக யார் முதலில் ஆட்டுவது என்று நின்றிருந்த தலை, மரத்தடியில் தானாக ஆடியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

போம்பா போனதும் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து கருவிகளையும் பார்த்தார்கள், பிள்ளைகளையும் விசாரித்தார்கள். முழு அங்கீகாரம் வந்துவிட்டதென்று இன்று காலை கல்லூரி அறிவித்திருக்கிறது, ஒரே தாளில் இரண்டு கையெழுத்து. இனி வரும் படிப்புகளுக்கும் சேர்ந்தே வரப்போகிறார்களாம். ஆக, இதற்கு முக்கியக் காரணம் நான் விடாமல் எழுதிய கடிதங்கள்தான். உங்கள் தங்கையின் அறியாமை ஒரு தற்செயல். அவளை நீங்கள் கோபிக்க வேண்டாம், நானே பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பட்டமளிப்புக்கு இருவரும் கட்டாயம் வந்து பிள்ளையை வாழ்த்த வேண்டும். உங்கள் தோட்டமும் தொழிலும் செழிக்க, குரங்குகளுக்கு நல்ல புத்தி வர, எல்லாம் வல்ல தண்ணிமலையான் அருள் புரிவானாக.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
குணாளன்

பி.கு.: அண்ணே, லோகேஸ் எழுதுறேன். எனக்குத் தெரியக்கூடாதுன்னு தாள்ல எழுதிட்டு, உறைய ஒட்டி போஸ்ட் பண்ணிடுன்னு எங்கிட்டயே குடுத்துட்டுப் போறாரு. எனக்கு லெம்பாகான்னா என்னன்னு தெரியாதாம். வருஷா வருஷம் இவரு வருமான வரிய வரி லெம்பாகாவுக்கு ஆன்லைன்ல அனுப்புறது யாரு, பேயா? போன வருஷம் நம்ம சொந்தக்காரங்க கல்யாணத்துல சாம்பிராணிப் புகையில மண்டப அலாரம் அடிச்சி எல்லாரும் வெளிய நின்னோமே, ஞாபகம் இருக்கா? பேசாம இருந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் அந்த வெயில்லதானே சமாதானம் ஆனாங்க. அதுலதான் யோசனை வந்துச்சி. அலாரம் எங்க இருக்குன்னு பாத்துத்தான் சூடத்த ஏத்துனேன். பூசணிக்காய் சும்மா பார்வைக்கு. அப்புறமா கல்லூரிப் பிரின்சிபல்கிட்டயும் போம்பா ஆளுங்ககிட்டயும் மன்னிப்பும் கேட்டுட்டேன். இவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. காலையில இருந்து லெம்பாகாவுக்கு ரெண்டு அர்த்தம்னு எனக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்காரு. எத்தனையோ மாசம் கழிச்சி இப்பதான் மனுஷன் சிரிச்சிப் பேசுறாரு. நானும் புரியாத மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கேன்.