இடுப்புக்குக் கீழே ஒரு பெயர்

“கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்கய்யா, முதுகைப் பார்க்கணும்.”

தையற்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். “முதுகுக்கு என்னம்மா கேடு? உடைஞ்சது காலு.”

“இனிமே படுத்தே கிடக்கப் போறீங்க. புண்ணு வரும். பின்மண்டையிலேருந்து குதிகால் வரைக்கும் தோலைப் பார்த்தாகணும்” என்றாள் நர்ஸ். “இடுப்புக்குக் கீழதான் முதல்ல வரும்.”

இடுப்புக்குக் கீழ் என்றதும் அவர் போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒருத்தியின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். கையில் குத்தினால் அப்பா கையை ஒடிப்பார் என்று இடம் பார்த்துக் குத்திய புத்திசாலி. அது, கட்டிலருகே உட்கார்ந்திருந்த மனைவியின் பெயர் இல்லை. ஊருக்கெல்லாம் இடுப்பளவு எடுத்தவர், தன் இடுப்பை மட்டும் முப்பது வருஷமாகத் துண்டுக்குள்ளேயே வைத்துக் காலம் தள்ளிவிட்டார்.

“நீ போய் வெந்நீர் வாங்கிட்டு வா” என்றார் மனைவியிடம்.

“பிளாஸ்க் நிறைய இருக்கேங்க.”

“தாகமா இருக்கு” என்று ஊதி ஊதி அத்தனையையும் குடித்துத் தீர்த்தார். நாக்கு பொத்துப்போனது. “இப்ப காலி. போ.”

மனைவி போனாள். அதே நேரம் பார்த்து வேறொரு கட்டிலிலிருந்து கூப்பிட, நர்ஸும் போய்விட்டாள். நர்ஸ் திரும்பி வந்தபோது மனைவியும் கூடவே வந்துவிட்டாள். குடித்த வெந்நீர் வேறு அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நின்றது.

“சிஸ்டர், கொஞ்சம் அவசரம்...”

நர்ஸ் பாத்திரத்தை எடுத்துவந்து போர்வையில் கை வைத்தாள்.

“போர்வையைத் தொடாதீங்க!” இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார்.

போர்வையைக் காப்பாற்றிவிட்டார். மெத்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் நாகரிகமாக இருமிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தையற்காரருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

“இனி எல்லாத்தையும் மாத்தணும். ஒரு ஆள் பத்தாது” என்று நர்ஸ் குரல் கொடுத்தாள். இன்னொரு நர்ஸ் வந்தாள். ஆயா வந்தாள். “அம்மா, நீங்க தோளைப் பிடிச்சுக்குங்க.”

“அவ வேணாம்!”

“ஏங்க, நான் என்ன வேத்தாளா?” என்று மனைவி தோளைப் பிடித்தாள்.

திரையை இழுத்துவிட்டு அவரைப் புரட்டினார்கள். ஈரத்துணி உரிந்தது. தையற்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். முதலில் கேட்கப்போவது அழுகையா, திட்டா என்று காத்துக் கிடந்தார். பூமி பிளந்தால் கட்டிலோடு இறங்கிவிடலாம் போலிருந்தது.

ஒரு விரல் அழுத்தியது.

“லேசாச் சிவந்திருக்கு. அழுத்தினா வெளுக்குது. புண்ணு இல்லை, பயப்படாதீங்க” என்றாள் நர்ஸ்.

கண்ணைத் திறந்தார். மனைவி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணி மாற்றி முடித்ததும், “இன்னொரு போர்வை கேட்டு வாங்கிட்டு வரேன்” என்று வெளியே போனாள். நர்ஸுகளும் போனார்கள்.

தையற்காரர் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அவ பார்த்துட்டாளா? உண்மையைச் சொல்லும்மா. இத்தனை வருஷம் கட்டிக் காத்தேன். இனி அவ முகத்துல எப்படி முழிப்பேன்?”

ஆயா நனைந்த விரிப்பைச் சுருட்டினாள்.

“நல்லாக் கட்டிக் காத்தீங்க போங்க! காலைல உங்களைச் சேர்க்கும்போதே அம்மா எங்ககிட்ட சொல்லிட்டாங்களே, ‘அந்தப் பேரு இருக்கிற எடத்துல தோலு மெலிசு, அங்க நல்லாப் பாருங்க, ஆனா எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட காட்டிக்காதீங்க, பாவம், வெக்கப்படுவாரு’ன்னு!”