கோப்பில் விட்டுப்போன மகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முகவரி சாரின் மகள் காணாமல் போனாள்.

ஆள் பத்திரமாகத்தான் இருந்தாள், ஒரு ராத்திரி ரயிலில் போய்ச் சேரும் தூரத்தில், வேறொரு ஊரில். காணாமல் போனது அவளுடைய இணையப் பக்கம். தினமும் அதில் ஒரே ஒரு படம் போடுவாள். கழுவிக் கவிழ்த்த தம்ளர், பேருந்து ஜன்னல், நனைந்த குடை. ஒரு வார்த்தை எழுத மாட்டாள். அவர் பல் துலக்கியதும் அதைத் திறந்து பார்ப்பார், பார்த்துவிட்டுத்தான் காபி. இன்றைக்குத் திறந்தால், அப்படியொரு பெயரே இல்லை என்று திரை கையை விரித்தது.

அப்பனும் மகளும் பேசி இரண்டரை வருஷம் ஆகிறது. அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதெல்லாம் அந்தப் படங்களை வைத்து அவராக ஊகித்துக்கொள்வதுதான். அவளுடைய சிநேகிதர்கள் நூறு இருநூறு பேர் பார்க்கிற பக்கமாக இருக்கும், அந்தக் கூட்டத்தில் நாமும் ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போவோம் என்பது அவர் எண்ணம்.

வெள்ளிக்கிழமை படத்தில் தரையெல்லாம் மரப்பலகைகள் பரப்பிக் கிடந்தன, பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய திருகாணி. புத்தக அலமாரியா, குழந்தைத் தொட்டிலா? பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்ணினார். பதினொரு பலகை. அலமாரிக்குப் பதினொரு பலகை எதற்கு? சனிக்கிழமை படத்தில் பூட்டி முடித்திருப்பாள், தெரிந்துவிடும் என்று படுக்கப் போனவர் அவர்.

அலுவலகத்தில் அவருக்கு 'முகவரி' என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் அவர் செய்கிற வேலை. கம்பெனியின் நூற்றுச் சொச்சம் இணையப் பெயர்களில் எந்தப் பெயரைக் கேட்டால் எந்த சர்வருக்கு வழி சொல்ல வேண்டும் என்ற பதிவேட்டைக் காப்பவர் அவர். ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயரை வேறொருவர் பொறுப்பில் கொடுப்பதும் உண்டு. "இதைப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க, அதோ அந்த நாலு பேர்கிட்ட கேளுங்க" என்று வழி சொல்லும் நாலு நேம்சர்வர்களின் பெயரைத் தன் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

தன் சொந்த இணையப் பெயரான டொமைனுக்குக் கீழே மகளுக்கும் அப்படித்தான் ஒரு பெயர் கொடுத்திருந்தார், அவள் முதல் வேலையில் சேர்ந்தபோது. பதிவேடு அவள் அக்கவுண்டில், அவள் பொறுப்பில். இவர் பக்கத்தில் அந்த நாலு வரி மட்டும். சண்டைக்குப் பிறகும் அவள் அந்தப் பெயரை விடவில்லை, இவரும் எடுக்கவில்லை. சொத்து என்று அவர்களுக்குள் பொதுவாக மிஞ்சியது அதுதான்.

அந்த நாலு வரியைத்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே அழித்திருந்தார்.

தெரிந்து செய்யவில்லை. "கோப்பில் எழுதாதது உலகத்தில் இல்லை" என்பது அவர் ஊருக்குச் செய்யும் உபதேசம். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதிவிட வேண்டும், எழுதியதை ஒரு மென்பொருள் கருவி கட்டும், எழுதாததை இடித்துத் தள்ளும், மனுஷன் கையால் எதையும் தொடக் கூடாது. ஊருக்குச் சொன்னதை வீட்டுக்கும் செய்வோமே என்று தன் டொமைனையும் கோப்பில் எழுதினார். மகளுக்கு என்றைக்கோ கையால் போட்டுக் கொடுத்த நாலு வரியை மட்டும் எழுத மறந்தார். "நான்கு வரிகள் அழிக்கப்படும், சம்மதமா?" என்று கருவி மரியாதையாகக் கேட்டது. அவர் படிக்காமலே சம்மதம் சொன்னார். படிக்காமல் சம்மதம் சொன்னதற்காக மூன்று பேருக்கு மெமோ கொடுத்தவர் அவர்.

அலுவலகத்தில் தனக்கு அடுத்த நிலையில் இருக்கும் பெண்ணுக்குப் போன் போட்டார். யாருடைய மாற்றமும் அவள் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது என்பதால் அவளுக்குச் செக்போஸ்ட் என்று பெயர்.

"நாலு வரிதானே சார், திரும்பப் போட்டுடலாம். நாலு பேரும் யார் யாருன்னு சொல்லுங்க."

"அது தெரிஞ்சா உனக்கு ஏம்மா போன் பண்றேன்? திரையில வந்துச்சு. துடைச்சுட்டேன்."

"அப்ப உங்க பொண்ணு அக்கவுண்ட்ல இருக்குமே. ஒரு போன் பண்ணுங்க, ரெண்டு நிமிஷ வேலை."

"வேற வழி சொல்லு."

"சார், இதைவிடச் சுலபமான வழி இல்லை."

"கஷ்டமான வழி சொல்லும்மா, பரவாயில்லை."

 அவள் அலுவலக சர்வரைத் துழாவினாள். ஒரு தடவை கேட்ட வழியை அது இரண்டு நாள் மறக்காமல் வைத்திருக்கும். நல்ல வேளை, வெள்ளிக்கிழமை அலுவலகத்திலும் ஒரு தடவை அவர் பலகைகளை எண்ணிப் பார்த்திருந்தார், நாலு பெயரும் அதன் ஞாபகத்தில் இருந்தன. அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, முகவரி சார் கோப்பில் எழுதி, இரண்டு தடவை சரிபார்த்து, கருவியை ஓட்டினார். வெற்றி என்று பச்சையில் வந்தது. பக்கம் வரவில்லை.

சாயங்காலம் வரை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் காபிக்கு முன்னால் பார்க்க ஒன்றுமில்லை. அப்போதுதான் காரணம் புரிந்தது. பதிவேடுகளை வைக்கும் கிளவுடில் அவருக்குப் பழைய அக்கவுண்ட் ஒன்று, புது அக்கவுண்ட் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு நாள் புதியதற்கு மாற்றிவிடலாம் என்று அங்கேயும் அதே பெயரில் ஒரு பதிவேடு திறந்து வைத்திருந்தார். சனிக்கிழமை அவசரத்தில் கருவியைப் புதிய அக்கவுண்டில் ஓட்டியிருந்தார், மகளின் நாலு வரி போய் உட்கார்ந்தது அதில். உலகம் கேட்பதோ பழையதை.

ஒரே பெயரில் இரண்டு பதிவேடு இருந்தால் குழப்பம்தான், ஒன்றை ஒழித்துக்கட்டுவோம் என்று உட்கார்ந்தார். எதை ஒழிப்பது? ஒன்றில் மகள் இருக்கிறாள், இன்னொன்றில் இல்லை. மகள் இருப்பதுதானே உண்மையான பதிவேடு! மகள் இல்லாததை அழித்தார். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அந்த நேரத்தில் கணக்குப் போட்டது அனுபவம் இல்லை.

அரை மணி நேரத்தில் செக்போஸ்ட் கூப்பிட்டாள். "சார், உங்களுக்கு ஒரு மெயில் போட்டேன், திரும்பி வந்துடுச்சு. உங்க டொமைனையே காணோமே?"

"பழைய அக்கவுண்ட்ல இருந்ததை எடுத்துட்டேன்."

"ஐயோ, அதுதானே சார் நிஜமானது!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. மகள் பெயரைத் தேடப் போய் அப்பன் பெயரும் போயிற்று. இனி புதுப் பதிவேடுதான் செல்லும் என்று, பெயரை விற்ற கம்பெனியின் தளத்தில் போய் மாற்ற வேண்டும். போனார். உள்ளே நுழைய ஒரு ரகசிய எண் அனுப்பியிருப்பதாகத் தளம் சொன்னது. எங்கே? அவருடைய மெயிலுக்கு. மெயில் எங்கே? செத்துப்போன அந்த டொமைனில். பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டாயிற்று.

அவர்களுடைய உதவி அரட்டையில் ஒருவன் வந்தான்.

"எண்ணைச் சொல்லுங்கள் ஐயா."

"மெயில் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யத்தான் உள்ளே போக வேண்டும்."

"புரிகிறது ஐயா. எண்ணை மறுபடியும் மெயிலில் அனுப்பியிருக்கிறேன்."

நாலு தடவை அனுப்பினான், பாவம், நல்லவன். கடைசியில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி படம் எடுத்து அனுப்பச் சொன்னான். ஒரு நாள் ஆகும் என்றான்.

இதற்கிடையில் போன் ஓயவில்லை. மெயில் திரும்பி வருகிறது என்று சொல்ல ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். போனைக் கையில் எடுக்கும் போதெல்லாம் கட்டைவிரல் தானாக மகளின் எண்ணுக்கு நகர்ந்தது. இது சரிப்படாது என்று அதை அணைத்துச் செருப்பு அலமாரியில், மழைக் காலணிக்குள் போட்டார். திங்கட்கிழமைக்கு விடுப்பும் சொல்லிவிட்டார்.

ஏன், மகளைக் கூப்பிட்டால் குடியா முழுகிவிடும்? அதை அவரும் தன்னைக் கேட்காமல் இல்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில் எங்கோ எவனுடைய சர்வரோ படுத்துவிட்டது. இவர் வராந்தாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்து அதை எழுப்பினார். நாற்பது நிமிஷம். எழுப்பிவிட்டு உள்ளே வந்தபோது மகள் அம்மாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள். "அம்மா உங்களைத்தான் கேட்டாங்கப்பா. எங்க போனீங்க?" என்றாள். அழுதிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம், சும்மாவாவது நின்றிருக்கலாம். இவர் வாயிலிருந்து வந்தது, "நான் உள்ள இருந்திருந்தா மட்டும் நிறுத்தி வச்சிருக்க முடியுமா?" என்பது. தப்பில்லாத கேள்வி. ஆனால் அதைக் கேட்டவனோடு ஒரு பெண் எப்படிப் பேசுவாள்?

அன்றைக்கு அவர் சரிசெய்த சர்வர் எதற்காக ஓடியது என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வருவதில்லை. அதுதான் அவரை அதிகமாக வதைத்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அடையாள அட்டை ஏற்கப்பட்டது. உள்ளே நுழைந்து புது நேம்சர்வர்களை எழுதினார். ஒருவழியாக எல்லாம் சரி. மடிக்கணினியில் செக்போஸ்ட்டுக்குச் செய்தி தட்டினார்.

"எல்லாம் சரியாப் போட்டேன். இன்னும் வரலை."

"இனிமே எதையும் தொடாதீங்க சார். ஊர்ல இருக்கிற எல்லா சர்வரும் பழைய வழியை மறக்கணும். ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாளா?"

"சார், இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி அவருக்கு வேண்டாம், பதினொரு பலகை என்ன ஆயிற்று என்று தெரிந்தால் போதும். ஒருவேளை தொட்டிலாக இருந்தால்? யார் கூட இருக்கிறார்கள் அவளுக்கு? திருகாணியை முடுக்கும்போது மறுபக்கம் பிடித்துக்கொள்ள ஆள் உண்டா? இதையெல்லாம் நாலு நேம்சர்வரிடம் கேட்க முடியாது, அவளிடம்தான் கேட்க வேண்டும் என்பது, மூன்று நாள் சுற்றி வளைத்த பிறகு, மண்டையில் ஏறியது.

செருப்பு அலமாரியிலிருந்து போனை எடுத்தார். அதை உடனே உயிர்ப்பிக்கத் தைரியம் வரவில்லை. எதிரே நிலைக்கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்து ஒத்திகை பார்த்தார்.

"ஹலோ, அப்பா பேசுறேன். உன் பக்கம் வரலை, அதான்..." சீ, முதல் வார்த்தையே சர்வரா!

"ஹலோ, அப்பா பேசுறேன். சௌக்கியமா?" பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருக்கிறது.

"அன்னைக்கு நான் உள்ள வந்திருக்கணும்மா."

இதைச் சொன்னதும் குரல் உடைந்துவிட்டது. கண்ணாடியில் இருந்த கிழவன் அழுதான். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதையே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனின் பொத்தானில் விரலை வைத்தார்.

கதவு இடிபட்டது.

திறந்தால், ஆம்புலன்ஸ் சீருடையில், காதில் போனோடு ஓர் இளம்பெண். அவளுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் கடப்பாரையோடு ஒருவர்.

"மேல் வீடா இருக்கும்மா," என்றார் முகவரி சார். "அங்கதான் வயசானவங்க இருக்காங்க."

"இல்ல சார், இந்த வீடுதான் சொன்னாங்க. ஐம்பத்தெட்டு வயசு, தனியா இருக்கார், கதவு திறக்கலைன்னா உடைச்சுடுங்கன்னு."

"நான்தாம்மா அது. எனக்கு ஒண்ணும் இல்லை, பாரு, நின்னுட்டுதானே இருக்கேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஈரம் காயாத கண், மூன்று நாள் தாடி, கையில் அணைந்த போன். ஸ்ட்ரெச்சரைக் கீழே வைக்கச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"யாரும்மா உங்களைக் கூப்பிட்டது? நான் இருக்கேனா போயிட்டேனான்னு கவலைப்பட இங்க யார் இருக்காங்க?"

அந்தப் பெண் தன் காதில் இருந்த போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"உங்க பொண்ணு சார், லைன்லயே அழுதுட்டு இருக்காங்க, போன் அணைஞ்சிருக்கு, மெயில் திரும்பி வருது, அதைக்கூட விடுங்க, நான் தினமும் போடுற படத்தை உலகத்துலயே பாக்கிறது எங்கப்பா ஒருத்தர்தான், பாத்தவங்க கணக்குல மூணு நாளா அவரும் இல்லைன்னு சொல்றாங்க."