திருஷ்டிப் பொம்மை இறக்கு படலம்

வாழ்க சங்கர்ராம்! வருவோர் போவோர் மூக்கையெல்லாம் மிளகு மணத்தால் திறைகொள்ளும் மட்டாஞ்சேரிச் சந்திலே, தொண்ணூறு மழைக்காலம் கண்ட ஓட்டு வீட்டின் அதிபதி வாழ்க! கலூர்க் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்களையெல்லாம் எழுத்துப் பலகைமுன் நிறுத்தி அளந்த பேராளன், ஒரே ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் அஞ்சிய மாவீரன் வாழ்க! அவன் பெருமையை முழுதும் சொல்ல நமக்கு வல்லமை உண்டா என்பது ஐயமே. ஆயினும் ஏணியடியில் எழுந்தருளிய ஆனைமுகன் துணையிருக்க, நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்வோம்.

அந்த ஒருத்தி அவனுடைய அக்கா பாக்கியலக்ஷ்மி. பதினோரு ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்தவள், வாசலுக்கு எதிரே நின்று, பாசி படர்ந்த ஓட்டையும் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரையும் ஏற இறங்கப் பார்த்து, "ஏண்டா சங்கரா, இது வீடாக்குமா, சுக்குக் கோடவுனாக்குமா?" என்று திருவாய் மலர்ந்தருளினாள். வேல் பாய்ந்த புண்ணும் ஆறும்; அந்த வாக்குப் பாய்ந்த புண் ஆறவில்லை. அது முழுப் பொய்யாகவும் இல்லை என்பதுதான் கொடுமை. அடுத்த மாதமே ஒரு தள்ளுவண்டிக்காரர் மூன்று மூட்டைச் சுக்கை வாசலில் இறக்கிவிட்டுக் கையெழுத்துக் கேட்டு நின்றார். "அக்கா வாயால் 'கொள்ளாம்' என்ற ஒரு சொல் வாங்காமல் இந்த வாசலில் முகம் காட்டேன்!" என்று அன்றே வஞ்சினம் உரைத்தான் நம் வீரன். நன்றாயிருக்கிறது என்பதற்கு அக்கா தன் வாழ்நாளில் மிகச் சிக்கனமாகச் செலவழித்த சொல் அது. வேலைக்குப் போக வேறு வாசல் இல்லாததால், வஞ்சினத்தின் பின்பாதியை மறுநாள் காலை தளர்த்திக்கொண்டான்.

ஆண்டுகள் உருண்டன. இவ்வாண்டு கோடை மழைக்கே கூரை ஒழுகி, ஓடு மாற்றும் பெரும்போர் மூண்டது. பள்ளுருத்தியில் பாசறை அமைத்திருந்த கடையநல்லூர்க் கொத்தன் முத்துவேல் தன் ஆட்களோடு வந்து சாரம் கட்டினான். கட்டிய சாரத்தைக் கண்டதும் சங்கர்ராமின் நெஞ்சில் உதயசூரியன்போல ஓர் எண்ணம் எழுந்தது: கூரையோடு ஏன் நிற்க வேண்டும்? அக்கணமே இறவாரப் பலகைக்கு இலைப்பச்சையும், சுவருக்குத் தந்த வெண்மையும், சன்னல் கம்பிக்குக் கார்மேகக் கருமையும் பூண்பித்து, துருவேறிக் கிரீச்சிட்ட இரும்பு கேட்டை நாடு கடத்தி, புதிய மரக் கேட்டுக்கு இருபுறமும் இரு சேனாதிபதிகள்போலக் குரோட்டன் தொட்டிகளை நிறுத்தி, பித்தளை எண் பலகையைப் புளி போட்டுத் தேய்த்து, மாலைதோறும் அக்கா நின்ற அதே இடத்தில் போய் நின்று, வலக்கண்ணை மூடி ஒருமுறையும் இடக்கண்ணை மூடி ஒருமுறையும் தன் வீட்டைத் தானே சோதித்தான். போதுமா? தெரியவில்லை. மறுநாளும் சோதித்தான். இதோ, வருகிற ஞாயிறு பதினோரு மணிக்கு அக்கா வருகிறாள் என்று தகவல் வந்தது. முரசு முழங்கிற்று!

ஆனால் அந்தோ! அத்தனை அழகுக்கும் நட்டநடுவே, சாரத்தின் உச்சியில் தொங்கியது பகை. முதல் நாளே முத்துவேல் கட்டிவிட்ட திருஷ்டிப் பொம்மை அது. வைக்கோல் உடம்பும், கவிழ்த்த சட்டித் தலையும், சுண்ணாம்புப் பல்லும், பிதுங்கிய விழியும், முழம் நீண்ட சிவப்பு நாக்கும் கொண்ட அக்கோரரூபத்தின் தொழில், வீட்டின்மேல் படும் கண்களைத் தன்மேல் வாங்கிக்கொள்வது. அத்தொழிலை அது குறைவறச் செய்தது. மட்டாஞ்சேரி அரண்மனை பார்க்க வந்த சுற்றுலாப் பயணிகள் அரண்மனையை மறந்து பொம்மையைப் படம் பிடித்தார்கள். தந்த வெண்சுவரைக் கண்டார் ஒருவருமிலர்.

சனிக்கிழமை மாலை ஒரே ஒரு முகட்டு ஓடு மிச்சமிருக்க, முத்துவேல் கரணையைக் கழுவி வைத்துவிட்டான். சனியன்று கூரையை மூடினால் அதே வேலை திரும்பி வரும் என்பது அவன் படையின் சட்டம். கடைசி ஓடு ஏறாமல் பொம்மை இறங்காது என்பது அதனினும் பெரிய சட்டம். ஞாயிறு விடுமுறை என்பதோ எல்லாவற்றிலும் பெரிய சட்டம்.

"திங்கக்கெழம வந்து ஓட்ட வச்சிட்டு நானே எறக்குதேன் சார். அதுவரைக்கும் யாரும் தொடப்பிடாது, கேட்டியளா? நல்லா இருக்குன்னு ஒருத்தர் வாயத் தொறந்தாப் போதும், வீட்டுக்குக் கண்ணு!"

"அந்த வாய் திறக்கத்தானே முத்துவேல் இத்தனையும்!" என்று அலறினான் வீரன். படை பஸ் ஏறிப் போயிற்று.

விதி அதோடும் விடவில்லை. வீரனின் மனைவி ஸாதனா சாயாவை ஆற்றியபடி அமைதியாகச் சொன்னாள்: "அந்தக் கட்டம் போட்ட சட்டை பிடிக்கலைன்னேளே, அதைத்தான் பொம்மைக்குக் கொடுத்தேன். அளவெடுத்துத் தைச்சாப்போலப் பாகமா இருக்கு, பார்த்தேளா?"

பார்த்தான். இடி விழுந்த பனைபோல் நின்றான். போன தீபாவளிக்கு அக்கா வாங்கி அனுப்பிய சட்டை!

ஞாயிறு காலை பத்து மணி. தலையில் துண்டும், இடையில் பெயிண்ட் படிந்த லுங்கியும், நெஞ்சில் நடுக்கமும் அணிந்து, சங்கர்ராம் சாரத்தில் ஏறினான். மூங்கில் முனகியது; அவனும் முனகினான். முத்துவேல் போட்டது முடிச்சா? சக்கர வியூகம்! விரல் தோற்றது, நகம் தோற்றது; பொம்மையை இறுகத் தழுவிக்கொண்டு பல்லால் போர் தொடங்கியபோது, முந்தைய ரயிலையே பிடித்துவிட்ட பாக்கியலக்ஷ்மியைச் சுமந்த ஆட்டோ சந்துக்குள் சீறிக்கொண்டு நுழைந்தது.

இறங்கினால் அகப்படுவான், ஏறவோ வானம்தான் மிச்சம். மாவீரர்க்கு மட்டுமே வாய்க்கும் மின்னல் மதியால், கைகளை விரித்து, விழிகளைப் பிதுக்கி, நாக்கை நீட்டி, அசையாது நின்றான்.

"சேச்சீ, இவிடெ பொம்ம ரெண்டெண்ணம் உண்டல்லோ!" என்று அக்காவிடம் வியந்தான் ஆட்டோக்காரன்.

தம்பி நூறுமுறை சொல்லியும் பவர் மாற்றாத கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அக்கா அண்ணாந்து பார்த்தாள். இறவாரப் பலகையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தொட்டி இரண்டையும் பார்த்தாள்.

"நல்ல வீட்டுக்கு ரெண்டு வேண்டியதாக்கும். கொள்ளாம்... அசலாக் கொள்ளாம்! எல்லாம் என் தம்பி செஞ்சதாக்கும். அவன்கிட்ட மாத்திரம் சொல்லிடாதே, தலை கனத்துப் போயிடுவான்."

ஆகா! பதினோரு ஆண்டுத் தவம் பலித்தது! ஆனால் வாகை சூடவும் வழியின்றி, வெளியில் நீட்டிய நாக்கோடு வெற்றியைக் கேட்டு நின்றவன் வையகத்தில் வேறு யார்? வானோர் மலர்மாரி பொழிந்தனர். பொழிந்தது மலரன்று, ஞாயிறும் ஓயாத எதிர்க் கோடவுனில் பிரித்த மூட்டையின் மிளகுத் தூசி. அடக்கினான். மூக்கைச் சுருக்கினான். குலதெய்வத்தை அழைத்தான். பின்பு சாரம் குலுங்க, காகம் கலைய, பொம்மையின் சட்டித் தலை கழன்று வலப்பக்கச் சேனாதிபதியின்மேல் விழுந்து இரண்டும் நொறுங்க, எழுந்தது பார் அந்தத் தும்மல்!

அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, தலையுள்ள பொம்மையையும் தலையில்லாத பொம்மையையும் மாறி மாறி நோக்கினாள்.

"சங்கரா! அந்தச் சட்டை உன்னைவிட அதுக்குத்தான் பொருத்தம்."

"அக்கா... வீடு?" என்றது, மேலிருந்து, வீரக்குரல்.

"கோடவுன் மாதிரி இல்லை," என்றாள்.

பிறகு உள்ளே போய்க் காலைக் கழுவிக்கொண்டு, சாயாவில் சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றாள்.